விம்பிள்டன் 2025: கோட்டு நடுவர்கள் இல்லாத முதல் தொடரில் மின்னணுத் தீர்ப்புச் சேவை எப்படி இருந்தது?

2025ஆம் ஆண்டு விம்பிள்டனில் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை யானிக் சின்னரும் மகளிர் ஒற்றையர் பட்டத்தை இகா ஸ்வியாடெக்கும் வென்றார்கள். அந்த இரண்டு வாரங்களில் விழுந்த ஒவ்வொரு பந்தையும் உள்ளே, வெளியே என்று தீர்ப்பளித்த சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. 147 ஆண்டுகளாகக் கோடுகளின் முனையில் குனிந்து நின்று குரல் கொடுத்த நடுவர்களை விலக்கிவிட்டு, ஹாக்-ஐ நிறுவனத்தின் மின்னணு முறையை 18 அரங்குகளிலும் தகுதிச் சுற்று ஆட்டங்களிலும், விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப் அந்த ஆண்டுதான் முதன்முறையாக அமர்த்தியது. இரண்டு வாரமும் தொலைக்காட்சியில் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி நம்பத்தக்கது, அதை இயக்கிய ஏற்பாடு அந்த அளவுக்கு நம்பத்தக்கதாக இல்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அரை மதிப்பெண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிக்க வைத்தது நான்காம் சுற்று ஆட்டம் ஒன்று. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முறை இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அரங்கைச் சுற்றி உயரமான இடங்களில் பொருத்தப்பட்ட கேமராக்கள் பந்தை இடைவிடாமல் படமெடுக்கின்றன. வெவ்வேறு கோணங்களில் கிடைத்த படங்களை ஒன்றுசேர்த்து, பந்து சென்ற பாதையைக் கணினி முப்பரிமாணத்தில் வரைகிறது. வேகமாக வரும் பந்து தரையில் புள்ளியாகப் படுவதில்லை; நசுங்கி, சற்றே சறுக்கி, நீள்வட்டமாக ஒரு தடம் பதித்துவிட்டு எழுகிறது. அந்தத் தடத்தின் ஓரம் மயிரிழை அளவு கோட்டைத் தொட்டாலும் பந்து உள்ளே என்பது டென்னிஸ் விதி. தொடாவிட்டால், முன்பே பதிவுசெய்து வைத்த மனிதக் குரல் ஒலிபெருக்கியில் 'அவுட்' என்கிறது. சர்வீஸாக இருந்தால் 'ஃபால்ட்' என்கிறது. உயர்ந்த நாற்காலியில் அமரும் பிரதான நடுவர் புள்ளிகளை அறிவிக்கவும் ஆட்டத்தை நடத்தவும் இருக்கிறார், ஆனால் கோட்டைப் பற்றிய தீர்ப்பு அவருடையது அன்று.

நம் வாசகர்களுக்கு ஹாக்-ஐ என்ற பெயர் கிரிக்கெட்டால் பழகியது. பால் ஹாக்கின்ஸ் உருவாக்கிய இந்தத் தொழில்நுட்பம் 2001இல் கிரிக்கெட் ஒளிபரப்பில்தான் முதலில் வந்தது. எல்பிடபிள்யூ முறையீட்டில் அது செய்யும் வேலை கடினமானது: கால்காப்பில் பட்டுத் தடைபட்ட பந்து, தடைபடாமல் போயிருந்தால் ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று, நடக்காத ஒன்றைக் கணித்துச் சொல்ல வேண்டும். டென்னிஸில் பந்து உண்மையாகவே தரையில் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தை அளந்தால் போதும். ஆகவே டென்னிஸில் அதன் தீர்ப்பு கிரிக்கெட்டில் உள்ளதைவிட உறுதியானது என்று கொள்ளலாம். ஆனால் கிரிக்கெட்டில் உள்ள ஒரு நேர்மை டென்னிஸில் இல்லை. கணிப்பில் பிழைக்கு இடமுண்டு என்பதை ஒப்புக்கொண்டு, நூலிழைத் தீர்ப்புகளைக் களத்து நடுவரிடமே திருப்பித் தரும் 'அம்பயர்ஸ் கால்' என்ற ஏற்பாடு கிரிக்கெட்டில் இருக்கிறது. டென்னிஸ் முறைக்கும் மில்லிமீட்டர் கணக்கில் பிழைவரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் விழுந்த பந்துக்கும் ஐயத்துக்கு இடமில்லாத அதே குரலில்தான் தீர்ப்பு வருகிறது.

மாற்றம் திடீரென்று வந்ததும் அன்று. 1981இல் ஜான் மெக்கன்ரோ முதல் சுற்றில் நடுவரிடம் கோட்டின் சுண்ணத்தூள் பறந்ததைச் சொல்லி வாதாடிய காட்சி இன்றும் காட்டப்படுகிறது. 2004 அமெரிக்க ஓப்பன் கால் இறுதியில் ஜெனிபர் கேப்ரியாட்டிக்கு எதிராக ஆடிய செரீனா வில்லியம்ஸுக்குத் தொடர்ந்து தவறான தீர்ப்புகள் வழங்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. அதன் பின்னர் 2006இல் அமெரிக்க ஓப்பனிலும் 2007இல் விம்பிள்டனிலும் வீரர்கள் முறையிட்டுச் சரிபார்க்கும் வசதி வந்தது. 2021 ஆஸ்திரேலிய ஓப்பன் கோட்டு நடுவர்களே இல்லாமல் நடந்த முதல் கிராண்ட்ஸ்லாம் ஆயிற்று. 2025இல் ஆடவர் ஏடிபி தொடர்களும் இம்முறைக்கு மாறின. நான்கு கிராண்ட்ஸ்லாம் பெருந்தொடர்களில் விம்பிள்டன் கடைசிக்கு முன்னதாக வந்து சேர்ந்தது. பிரெஞ்சு ஓப்பன் மட்டும் இன்னும் சேரவில்லை.

இனி முடிவுகள். ஒரு தீர்ப்பு முறையை மதிப்பிடும்போது, அது எத்தனை முடிவுகளில் குறுக்கிடாமல் இருந்தது என்று பார்ப்பதே முதல் அளவுகோல். அந்த வகையில் மகளிர் இறுதி ஆட்டத்தில் கருவிக்கு வேலையே குறைவு. ஸ்வியாடெக் 6-0, 6-0 என்று அமண்டா அனிசிமோவாவை 57 நிமிடங்களில் வென்றார். 1911இல் டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ், டோரா பூத்பியை இதே கணக்கில் வென்றதற்குப் பிறகு விம்பிள்டன் மகளிர் இறுதியில் இப்படி நடந்ததில்லை. அரையிறுதியில் உலகின் முதல் நிலை வீராங்கனை அரினா சபலென்காவை 6-4, 4-6, 6-4 என்று வீழ்த்தி வந்த அனிசிமோவா, இறுதியில் ஒரு கேம் கூட எடுக்க முடியாமல் தவித்ததைப் பார்ப்பது கடினமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் கோட்டு நடுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதுவும் மாறியிருக்காது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் போலந்து ஆட்டக்காரர் ஸ்வியாடெக். பிரெஞ்சு ஓப்பனின் களிமண் தரையில் நான்கு முறை பட்டம் வென்றவருக்குப் புல்தரை ஒத்துவராது என்று பலரும் பேசிவந்த நிலையில், இந்த வெற்றி எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தந்தது.

ஆடவர் இறுதியில் சின்னர் முதல் செட்டை இழந்து, பின் மூன்று செட்களையும் வென்று, 4-6, 6-4, 6-4, 6-4 என்று கார்லோஸ் அல்கராஸை வீழ்த்தினார். இந்த முடிவை இதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் பாரிஸில் இதே இருவர் ஆடிய பிரெஞ்சு ஓப்பன் இறுதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே சின்னர் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற வாய்ப்பை மூன்று முறை பெற்றிருந்தும், 5 மணி 29 நிமிடங்களுக்குப் பிறகு ஐந்தாவது செட்டில், சமநிலையை முறிக்க ஆடும் டை-பிரேக்கில் தோற்றார். பாரிஸில் கோட்டு நடுவர்கள் இருந்தார்கள். ஐயம் எழுந்தால் பிரதான நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து மண்ணில் பதிந்த தடத்தைச் சுட்டிக் காட்டுவார். லண்டனில் ஐயத்தைக் கேட்க ஆளில்லை. குரல் சொல்லும், ஆட்டம் தொடரும். இரண்டு இறுதிகளும் உயர்ந்த தரத்தில் ஆடப்பட்டவை, இரண்டின் முடிவையும் ஆடியவர்களே தீர்மானித்தார்கள். சின்னரின் பாதையில் திருப்பத்தை உண்டாக்கிய நான்காம் சுற்றிலும் கோடுகளுக்குப் பங்கில்லை: இரண்டு செட் முன்னிலையில் இருந்த கிரிகோர் டிமிட்ரோவ், மூன்றாவது செட் 2-2 என்று இருந்தபோது மார்புத் தசைக் காயத்தால் விலக நேர்ந்தது. அரையிறுதியில் நோவாக் ஜோகோவிச்சை சின்னர் நேர் செட்களில் வென்றார்.

கருவி குறுக்கிட்ட இடங்களைப் பார்ப்போம். ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, முதன்மை அரங்கான சென்டர் கோர்ட்டில், நான் முன்பு சொன்ன அந்த நான்காம் சுற்று ஆட்டம். ரஷ்யாவின் அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவாவும் பிரிட்டனின் சோனே கார்ட்டலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் செட் 4-4. பாவ்லியுசென்கோவா சர்வீஸில் கேமை முடிக்க ஒரே ஒரு புள்ளி தேவை. கார்ட்டல் அடித்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோரும் கண்டார்கள். ஆனால் குரல் வரவில்லை. பாவ்லியுசென்கோவா ஆட்டத்தை நிறுத்தினார். நடுவர் தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டுவிட்டு, கருவி அந்தப் பந்தைப் பின்தொடரவில்லை என்று சொல்லிப் புள்ளியை மீண்டும் ஆடச் சொன்னார். மீண்டும் ஆடிய புள்ளியை கார்ட்டல் எடுத்தார், அந்த கேமையும் எடுத்து 5-4 என்று முன்னேறினார். தன் கையிலிருந்த கேமைப் பறித்துவிட்டார்கள் என்று பாவ்லியுசென்கோவா நடுவரிடமே சொன்னார்.

பின்னர் கிளப் தந்த விளக்கம்தான் இந்தச் சேவையின் உண்மையான குறையை வெளிக்கொணர்ந்தது. கருவி பழுதாகவில்லை. அதை இயக்கியவர்கள் அரங்கின் ஒரு பகுதிக்கான கண்காணிப்பை, ஒரு கேம் முழுவதும், தவறுதலாக அணைத்து வைத்திருந்தார்கள். அந்த கேமில் மூன்று தீர்ப்புகள் கருவியால் பதிவாகவில்லை. இரண்டை நடுவரே கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார், மூன்றாவதில்தான் சிக்கல் எழுந்தது. கண்காணிப்பு அணைக்கப்பட்டிருக்கிறது என்பது நடுவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. இரண்டு வீராங்கனைகளிடமும் கிளப் மன்னிப்புக் கேட்டது; இயக்குபவர்கள் கையால் கண்காணிப்பை அணைக்கும் வசதியையே பின்னர் நீக்கியது. திருத்தம் விரைவாகச் செய்யப்பட்டதைப் பாராட்டுகிறேன். ஆனால் ஆட்டத்தின் நடுவே அப்படி அணைக்க முடியும் என்ற நிலையோடு ஒரு கிராண்ட்ஸ்லாம் தொடங்கியிருக்கக் கூடாது. அணைந்தவுடன் நடுவரின் திரையில் ஓர் எச்சரிக்கை விளக்காவது எரிந்திருக்க வேண்டும்.

பாவ்லியுசென்கோவா அந்த செட்டை டை-பிரேக்கில் மீட்டு, 7-6, 6-4 என்று ஆட்டத்தை வென்றார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு விம்பிள்டன் கால் இறுதியை எட்டினார். முடிவு மாறவில்லையே, பிறகென்ன என்று சிலர் எழுதினார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் வென்றது தம் மனத்திடத்தால். தீர்ப்பு முறை அவருக்கு உதவவில்லை. உள்ளூர் வீராங்கனைக்குச் சாதகமாகத் தீர்ப்பு போனது என்ற சந்தேகம் அவர் மனத்தில் எழுந்தது, அதை அவர் வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். கோட்டு நடுவர் ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் கை நீட்டி 'அவுட்' என்று கத்தியிருப்பார். அவர் தவறினாலும் நடுவர் திருத்தியிருப்பார். விதிப்படி, கருவி தீர்ப்பளிக்கத் தவறினால் நடுவரே தீர்ப்புச் சொல்லலாம். அவரால் சொல்ல முடியாதபோதுதான் மீண்டும் ஆட வேண்டும். பந்து வெளியே விழுந்தது போலத் தமக்கும் தோன்றியதாக நடுவர் பிறகு தம்மிடம் சொன்னதாக பாவ்லியுசென்கோவா தெரிவித்தார். எனக்கு மிகவும் கவலை தந்த செய்தி அதுதான். அதிகாரம் ஏட்டில் இருந்தது, அதைப் பயன்படுத்தும் துணிவு கருவியின் முன்னே அடங்கிப்போயிற்று. அனுபவம் மிக்க நடுவர் தம் கண்ணை நம்பத் தயங்கும் அளவுக்கு ஒரு சேவை அவரைப் பழக்கிவிட்டால், கருவி நின்றுபோகும் அந்த அரிய நேரத்தில் அரங்கில் தீர்ப்புச் சொல்ல ஒருவரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, டெய்லர் ஃப்ரிட்ஸுக்கும் கரேன் கச்சனோவுக்கும் நடந்த கால் இறுதியின் நான்காவது செட் தொடக்கத்தில், கச்சனோவ் அடித்த பந்து கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தபோது 'ஃபால்ட்' என்று குரல் வந்தது. பந்து எடுக்கும் சிறுவர் ஒருவர் இன்னும் வலையருகே கடந்துகொண்டிருந்ததால், சர்வீஸ் தொடங்கியதைக் கருவி உணரவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. அதாவது ஆட்டத்தின் நடுவே அடித்த பந்தை அது சர்வீஸாக எடுத்துக்கொண்டது. இந்தப் புள்ளியும் மீண்டும் ஆடப்பட்டது. ஃப்ரிட்ஸ் 6-3, 6-4, 1-6, 7-6 என்று வென்று அரையிறுதிக்குச் சென்று, அங்கே அல்கராஸிடம் தோற்றார். இந்தக் குறை முந்தையதைவிடச் சிறியது, ஏனெனில் தவறு எல்லோர் கண்ணுக்கும் உடனே பட்டது. இப்படிப்பட்ட சிறு விபரீதங்கள் தொழில்நுட்பத்தின் முதல் ஆண்டில் வரத்தான் செய்யும்.

இன்னொரு குறையை அதிகம் பேர் பேசவில்லை. பென் ஷெல்டன் இரண்டாம் சுற்றில் ரிங்கி ஹிஜிகாட்டாவுக்கு எதிராக 6-2, 7-5, 5-4 என்று முன்னிலையில், ஆட்டத்தை முடிக்க ஒரே ஒரு கேம் இருந்த நிலையில், வெளிச்சம் குறைந்ததால் ஆட்டம் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. மின்னணு முறை இன்னும் சில நிமிடங்களில் இயங்காது என்று தம்மிடம் சொல்லப்பட்டதாக ஷெல்டன் கூறினார். மறுநாள் வந்து, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் சர்வீஸ் போட்டு முடித்துவிட்டுப் போனார். மேற்கூரையும் விளக்கும் இல்லாத அரங்குகளில் அந்திவேளையில் கேமராவுக்கும் கண் மங்கும் என்பது இயல்புதான். ஆனால் அப்படியானால் அதற்குரிய நேரத்தை முன்பே அறிவித்து, புதிய கேம் தொடங்கும் முன் வீரர்களுக்குச் சொல்லிவிடலாம்.

துல்லியத்தைப் பற்றி ஆட்டக்காரர்களே ஐயம் எழுப்பினார்கள். சபலென்காவிடம் மூன்றாம் சுற்றில் தோற்ற எம்மா ரடுகானுவும், மரின் சிலிச்சிடம் இரண்டாம் சுற்றில் தோற்ற ஜாக் டிரேப்பரும் சில தீர்ப்புகள் சரியாக இல்லை என்று சொன்னார்கள். அவர்கள் சுட்டிய பந்துகளில் கருவி தவறியது என்று நான் நினைக்கவில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகமாக ஓடிவரும் பந்தை, தாமும் ஓடிக்கொண்டே பார்க்கும் ஆட்டக்காரரின் கண் ஏமாறுவது இயல்பு. முறையீட்டு வசதி இருந்த காலத்தில், மறுக்க முடியாத உறுதியோடு கை தூக்கிய வீரர்களில் பலர் பெரிய திரையில் தோற்றதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் காலத்தில் தோற்ற வீரருக்கு ஒன்று கிடைத்தது: திரையில் தடம் தெரிந்தது. அரங்கே கைதட்டிக் காத்திருக்க, பந்தின் நிழல் கோட்டை நெருங்கி வந்து நிற்பதை அவர் தம் கண்ணால் பார்த்தார். மனம் ஆறியது, அடுத்த புள்ளிக்குப் போனார். புதிய முறையில் மிக நெருக்கமான பந்துகளின் படம் எல்லா நேரமும் உடனுக்குடன் காட்டப்படவில்லை. சந்தேகம் வளர்ந்ததற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன். கோட்டுக்கு மிக அருகே விழும் ஒவ்வொரு பந்துக்கும் தடத்தை அரங்கின் திரையிலும் தொலைக்காட்சியிலும் அந்தப் புள்ளி முடிந்த கையோடு காட்ட வேண்டும் என்பது என் முதன்மையான கோரிக்கை. கணினியில் படம் ஏற்கெனவே இருக்கிறது. காட்டுவதற்குச் சில விநாடிகளே ஆகும்.

குறைகளை இவ்வளவு சொன்ன பிறகு, மனம் நிறைந்து பாராட்ட வேண்டியதையும் சொல்லியாக வேண்டும். முன்பு முறையீட்டு வசதி சில முக்கிய அரங்குகளில் மட்டுமே இருந்தது. சென்டர் கோர்ட்டில் ஆடும் நட்சத்திரத்துக்கு மின்னணுக் கண் காவல் இருந்தது. ஓரத்து அரங்கில் தரவரிசையில் நூறாவது இடத்தில் உள்ளவர் கோட்டு நடுவரின் ஒரு கணத்துக் கவனக்குறைவால் ஆட்டத்தையே இழந்தால், அதைச் சரிபார்க்க அவருக்கு வழி இல்லை. முதல் சுற்று ஆட்டம் ஒன்றின் பரிசுத்தொகையே அவரைப் போன்றவரின் ஓர் ஆண்டுப் பயணச் செலவைத் தீர்மானிக்கக்கூடும். 2025இல் தகுதிச் சுற்றில் ஆடியவருக்கும் அல்கராஸுக்கும் ஒரே தரமான தீர்ப்பு கிடைத்தது. பரிசுத்தொகை மொத்தம் 5 கோடியே 35 லட்சம் பவுண்டு, ஒற்றையர் பட்டத்துக்கு மட்டும் 30 லட்சம் பவுண்டு என்று உயர்ந்திருந்த ஒரு தொடரில், சமநீதி தருவதைவிட முக்கியமான கடமை ஒரு தீர்ப்பு முறைக்கு இருக்க முடியாது. ஆட்டத்தின் ஓட்டமும் தடைபடவில்லை. முறையீட்டை எப்போது பயன்படுத்துவது, எத்தனை மிச்சம் வைப்பது என்ற கணக்கிலிருந்து விடுபட்டு ஆட்டக்காரர்கள் ஆட்டத்தில் மட்டும் கவனம் வைத்தார்கள்.

சில சிறிய விஷயங்களும் உண்டு. ஒலிபெருக்கியின் குரல் சில நேரங்களில் கூட்டத்தின் இரைச்சலில் கரைந்துபோயிற்று. கோட்டு நடுவர் கையை நீட்டிக் காட்டும் சைகை போய்விட்டதால், காது கேளாதவர்களுக்கும் தூரத்து இருக்கையில் இருப்பவர்களுக்கும் தீர்ப்பு உடனே புரிய வழியில்லை. அரங்கின் ஓரங்களில் ஒரு விளக்கு எரிந்தால்கூட இதற்குப் போதும்.

கோட்டு நடுவர்கள் ஏறத்தாழ 300 பேர் முன்பு பணியாற்றிய இடத்தில், சுமார் 80 பேர் ஆட்ட உதவியாளர்கள் என்ற புதிய பொறுப்பில் அமர்த்தப்பட்டார்கள். கருவி செயலிழந்தால் கைகொடுக்கவும் நடுவருக்குத் துணையாக இருக்கவும் அரங்குக்கு இருவர் வீதம் அவர்கள் இருந்தார்கள். அப்படியானால் பாவ்லியுசென்கோவா ஆட்டத்தில் அவர்கள் ஏன் பயன்படுத்தப்படவில்லை என்று கேட்கத் தோன்றும். கருவி அணைந்தது தெரிந்தால்தானே அவர்களைக் கோட்டுக்கு அனுப்ப முடியும். தெரியாத ஒரு குறைக்கு மாற்று ஏற்பாடு இருந்தும் பயனில்லை. இன்னொரு கேள்வி நீண்ட காலத்துக்குரியது. பிரதான நடுவராக உயர்ந்தவர்கள் பெரும்பாலும் கோட்டு நடுவர்களாகத் தொடங்கியவர்கள்தான். கோட்டருகே ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் கண் தேர்ந்தது. அந்தப் பயிற்சிக்களம் பெரிய போட்டிகளில் மறைந்துவிட்ட பிறகு, கருவி நிற்கும் நேரத்தில் உறுதியாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய நடுவர்களை எங்கே உருவாக்குவது என்பதற்கு டென்னிஸ் அமைப்புகள் இப்போதே வழி காண வேண்டும். ஆட்ட உதவியாளர்களை வெறும் காத்திருப்போராக வைக்காமல், ஒவ்வொரு புள்ளியிலும் அவர்களும் தம் கண்ணால் தீர்ப்பைக் குறித்து, பின்னர் கருவியின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சியை விம்பிள்டன் தொடங்கலாம். அதற்கு வேண்டிய ஆட்களும் படங்களும் அங்கேயே இருக்கின்றன.